ஒயின் ஆர்வலரிடம் இலவச ஆலோசனை: கேட்கும் உரிமை எதுவரை?

மேலைநாட்டு ஒயின் ஆர்வலர்களிடம் ஓயாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. அப்பா காலமாகிவிட்டார், வீட்டு நிலவறையைச் சுத்தம் செய்தபோது பழைய ஒயின் புட்டிகள் கிடைத்தன, லேபிளில் ரோத்ஷீல்டு என்று போட்டிருக்கிறது, என்ன விலை போகும்? கேட்பவர் யாரென்று ஆர்வலருக்குத் தெரியாது. பதில் போனபின் அவர் மறுபடி தலைகாட்டுவதும் அபூர்வம். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். முதலாளிக்குப் பரிசளிக்க 50 டாலருக்குள் ஒரு புட்டி சொல்லுங்கள் என்பார். அதற்கடுத்தவர் பர்கண்டியில் நான்கு நாள் தங்கப்போவதாகச் சொல்லி, யார் யாரைப் பார்க்கலாம், யாரிடம் உங்கள் பெயரைச் சொல்லலாம் என்று விசாரிப்பார்.

ஆர்வலர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்குச் சம்பளமில்லாத மதிப்பீட்டாளராக நாங்கள் ஏன் உழைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. தெரிந்ததை நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது மற்றது. இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தரப்பு உரிமை பறிபோவதாகவும் மறுதரப்பு தாராளம் குறைவதாகவும் பேசுகிறது. ஆனால் காசு வாங்கலாமா கூடாதா என்பதையே இரண்டும் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அந்த அளவுகோல் இந்த விஷயத்துக்குப் பொருந்தாது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் கட்சியின் வலுவான வாதத்திலிருந்தே தொடங்கலாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்த டாக்டரைப் பிடித்து, மூட்டுவலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது அநாகரிகம் என்று ஒப்புக்கொள்கிறோம். ஒயின் ஆர்வலரிடம் கேட்பதும் அதே போன்றதுதானே என்பது அவர்கள் வாதம். இந்த ஒப்புமை கேட்கும்போது சரியாகத் தோன்றினாலும் முக்கியமான இடத்தில் முறிகிறது. டாக்டர் தன் அறிவை விற்றுப் பிழைப்பவர். பந்தியில் கேட்பவர், மறுநாள் மருத்துவமனையில் காசு கொடுத்துப் பெற வேண்டியதை ஓசியில் வாங்கிக்கொள்கிறார். ஒயின் ஆர்வலர் அப்படி எதையும் விற்பதில்லை. அவர் பகலில் வழக்கறிஞராகவோ பொறியாளராகவோ வேலை பார்த்துவிட்டு, சம்பாதித்த பணத்தில் புட்டிகள் வாங்கிக் குடித்து, குறிப்பெழுதி, வரைபடம் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவரிடம் கேட்பதால் அவருடைய வருமானத்தில் ஒரு காசும் குறைவதில்லை. ஆகவே குற்றம் ஏதாவது இருந்தால் அது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஆர்வலரின் பேச்சுக்கு ஏன் மதிப்பு என்று புரிந்துகொள்ள, ஒயின் பற்றிய ஆலோசனை வரலாற்றில் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். நெடுங்காலம் அது வியாபாரியின் கையில் இருந்தது. லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 1698இல் தொடங்கிய பெர்ரி பிரதர்ஸ் அண்ட் ரட் இன்றும் இயங்கிவருகிறது. அத்தகைய கடைகளில் தலைமுறை தலைமுறையாக வாடிக்கையாளருக்கு யோசனை சொல்லி வந்திருக்கிறார்கள். அதில் நல்ல யோசனைகளும் ஏராளம். ஆனால் சொல்பவரிடம் சரக்கு இருக்கிறது, அது விற்க வேண்டும். உணவகத்தில் ஒயின் தேர்ந்துதரும் சொமெலியேவின் நிலையும் இதுவே. அவர் யோசனைக்கான கட்டணம் புட்டியின் விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. பில்லில் தனியாகத் தெரியாததால் நாம் அதை இலவசம் என்று நினைக்கிறோம்.

இந்த நிலைமையை எதிர்த்துத்தான் மேரிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற வழக்கறிஞர் 1978இல் 'தி ஒயின் அட்வகேட்' என்ற செய்திமடலைத் தொடங்கினார். விளம்பரம் வாங்குவதில்லை, வாசகர் சந்தா மட்டுமே வருமானம் என்பது அவர் கொள்கை. அமெரிக்க நுகர்வோர் இயக்கத்தின் ரால்ஃப் நாடர் அவருக்கு முன்மாதிரி. போர்தோவின் 1982 விளைச்சலை மற்றவர்கள் சிலர் தயக்கத்தோடு பார்த்தபோது அவர் அடித்துப் பேசினார். அது உண்மையானதும் அவருடைய 100 புள்ளி அளவுகோலுக்கு உலகச் சந்தை கட்டுப்பட்டது. அவர் கொடுக்கும் எண் விலையைத் தூக்கியது, இறக்கியது. பிறகு அந்தச் செய்திமடலின் பெரும்பங்கு 2012இல் சிங்கப்பூர் முதலீட்டாளர்களுக்குக் கைமாறியது. 2019இல் அது முழுக்க மிஷ்லின் நிறுவனத்துடையதானது, பார்க்கரும் அதே ஆண்டில் ஓய்வுபெற்றார். ஓர் ஆர்வலர் தன் நேர்மையைக் காசாக்கத் தொடங்கினால் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது ஒரு பாதை. நான் பார்க்கரைக் குறைசொல்லவில்லை, அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவரே சந்தையின் ஒரு பகுதியானபின், சந்தைக்கு வெளியே நின்று பேசும் குரல் வேறு யாரிடமிருந்தாவது வர வேண்டியிருந்தது. அது சம்பளமில்லாத ஆர்வலரிடமிருந்து வந்தது.

ஆகவே கட்டணம் வாங்கினால் பிரச்சினை தீரும் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூலில் ரத்த தானத்தை ஆராய்ந்தார். பிரிட்டனில் மக்கள் ரத்தத்தைச் சும்மா கொடுத்தார்கள். அமெரிக்காவில் கணிசமான பகுதி விலைக்கு வாங்கப்பட்டது. விலை வந்தபிறகு கொடையின் தன்மை மாறுகிறது, கிடைக்கும் ரத்தத்தின் தரமும் கெடுகிறது என்பது அவர் வாதம். ஒயின் ஆலோசனைக்கும் இதில் பாதி பொருந்தும். காசு கைமாறினால் ஆர்வலர் இன்னொரு ஆலோசகராகிவிடுவார், எதற்காக அவரிடம் வந்தோமோ அது போய்விடும். ஆனால் மறுபாதி பொருந்தாது. ரத்தம் பெற்றவரிடம் கொடுத்தவருக்குத் திருப்பித் தர எதுவுமில்லை, தரவும் வேண்டியதில்லை. ஒயினில் பெற்றவரால் தரக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைக் காசால் ஈடுகட்ட முடியாது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இன்னொரு சங்கடமான கேள்வியைத் தாண்ட வேண்டும்: ஆர்வலரின் பேச்சு உண்மையிலேயே கேட்கத் தகுந்ததுதானா?

சுவையைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்சன் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து ஒரே ஒயினை மும்முறை, எதுவென்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று முறையும் ஒத்த தரத்தைக் கொடுத்தார். அதே ஆண்டு ராபின் கோல்ட்ஸ்டைனும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட கட்டுரை, லேபிளை மறைத்து நடத்திய 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளை ஆராய்ந்தது. பயிற்சியில்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் பிடித்துவிடவில்லை, சராசரியில் அவர்கள் சற்று மலிவானதையே விரும்பினார்கள். ஒயினில் பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் போக்கு தென்படவில்லை.

இந்த இரண்டாவது கண்டுபிடிப்பை ஆலோசனை கேட்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இருபது ஆண்டு பழகிய நாக்கு பரிந்துரைக்கும் புட்டி, பழகாத நாக்குக்குப் பிடிக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. சொன்னவர் நேர்மையாகவே சொல்லியிருப்பார், ஆனால் தனக்குப் பிடித்ததைச் சொல்லியிருப்பார். அதனால் "ஒரு நல்ல ஒயின் சொல்லுங்கள்" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. கேட்பவர் தான் இதுவரை குடித்ததில் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, என்ன சாப்பாட்டோடு, எந்த ஊர்க் கடையில், என்ன விலைக்கு என்று சொன்னால்தான் ஆர்வலர் தன் நாக்கைத் தள்ளிவைத்துவிட்டு அவர் நாக்குக்காக யோசிக்க முடியும். இந்த விவரத்தைக் கேட்பது ஆர்வலரின் அகங்காரம் என்று சிலர் நினைக்கிறார்கள். விவரம் இல்லாமல் சொல்லப்படும் பதில் ஏமாற்றமாக முடிவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதுதான் அப்படிக் கேட்பதற்குக் காரணம்.

சுவையில் நடுங்கும் இந்த அறிவு, செய்திகளில் உறுதியாக நிற்கிறது. யார் தயாரித்தார், எப்போது தொடங்கினார், எந்த ஆண்டு லேபிள் எப்படி இருந்தது, தக்கை எப்படி, எந்த ஆண்டு மழை கெடுத்தது என்பவற்றில் நல்ல ஆர்வலருக்கு இணை கிடையாது. போலி ஒயின் புட்டிகளை ஏலத்தில் விற்றுவந்த ரூடி குர்னியவானின் வழக்கை விடச் சிறந்த சாட்சி இதற்கு இல்லை. 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு பெரிய ஏலத்துக்கு வந்த பர்கண்டிகளில், பொன்சோ குடும்பத்தின் குளோ சான் தெனி என்று லேபிள் ஒட்டிய 1945 முதல் 1971 வரையிலான புட்டிகள் இருந்தன. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982இல்தான். லோரான் பொன்சோ பிரான்சிலிருந்து நேரில் வந்து நின்றார், அவை ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. ஆனாலும் சரக்கு வந்துகொண்டேதான் இருந்தது. 2012 பிப்ரவரியில் லண்டனில் நடக்கவிருந்த ஏலத்துக்கு முன், லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கறிஞரும் பர்கண்டி ஆர்வலருமான டான் கார்ன்வெல் அந்தப் பட்டியலில் இருந்த ரோமனே-கோன்தி புட்டிகளின் லேபிள்களில் தெரிந்த பிழைகளை விளக்கி எல்லோரும் பார்க்க எழுதினார். அடுத்த மாதமே குர்னியவான் கைதானார். 2014இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சந்தையில் கமிஷன் வாங்கியவர்கள் கவனிக்காமல் விட்டதை, ஒரு காசும் வாங்காதவர் தன் சொந்த நேரத்தைச் செலவழித்துச் சொன்னார். இலவச ஆலோசனையை ஏளனமாகப் பேசுபவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

ஆக, கேட்கத் தகுந்தது இருக்கிறது. எப்படிக் கேட்பது? மென்பொருள் உலகில் இதற்கு ஒரு பழைய வழிகாட்டி உண்டு. எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001இல் எழுதிய அந்தக் கட்டுரையின் சாரம், கேட்கும் முன் நீயே தேடு, தேடியதைச் சொல், துல்லியமாகக் கேள் என்பது. ஒயின் ஆர்வலர்களும் இதையே கேட்பவர்மேல் சுமத்துகிறார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. மென்பொருளில் கேட்பவர் பெரும்பாலும் அந்தத் துறையிலேயே இருப்பவர், திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம். ஒயினில் கேட்பவருக்கு எது முக்கியமான விவரம் என்பதே தெரியாது. பர்கண்டியில் குளோ த வூஜோ என்ற புகழ்பெற்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர் பரப்பு. சிஸ்டெர்சியன் துறவிகள் வளைத்துக் கட்டிய ஒற்றை மதிலுக்குள் இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர் லேபிளில் பெரிதாக இருக்கும், தயாரித்தவர் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். புதியவர் பெரிய எழுத்தை மட்டும் எழுதிக் கேட்பார். பதில் முழுக்கச் சின்ன எழுத்தைப் பொறுத்தது. இதை அவர் தேடித் தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்று கோபப்படுவது நியாயமில்லை, தெரிந்திருந்தால் அவர் கேட்டே இருக்க மாட்டார்.

ரோத்ஷீல்டு பெயர் இன்னும் அதிகம் குழப்புகிறது. ஷாட்டோ மூத்தோன் ரோத்ஷீல்டு 1973இல் போர்தோவின் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்ட தோட்டம், 1945 முதல் ஆண்டுக்கு ஓர் ஓவியரின் படத்தோடு வரும் லேபிள், விலையும் அதற்கேற்றது. மூத்தோன் கதே அதே குடும்ப நிறுவனம் 1930களிலிருந்து பெருமளவில் விற்கும் சாதாரண ஒயின். இரண்டிலும் மூத்தோன், இரண்டிலும் ரோத்ஷீல்டு. அப்பா விட்டுச்சென்ற புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மகளுக்கு இந்த வேறுபாடு தெரியும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

ஆனால் அறிவு தேவைப்படாத உழைப்பும் இருக்கிறது, அதை எதிர்பார்க்கலாம். லேபிளின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் தெளிவாகப் படமெடுப்பது. புட்டியை வெளிச்சத்துக்கு முன் நிறுத்தி ஒயின் எந்த மட்டம் வரை இருக்கிறது என்று காட்டுவது. பழைய புட்டியில் மட்டம் கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்பதிலேயே தக்கை கசிந்ததா என்று தெரியும். எல்லாவற்றையும் விட, அது எங்கே எப்படி இருந்தது என்று சொல்வது. 12, 13 டிகிரியில் இருட்டில் படுக்கவைத்த புட்டியும், கொதிகலன் பக்கத்தில் முப்பது ஆண்டு நின்ற புட்டியும் ஒரே லேபிள் கொண்டிருந்தாலும் ஒன்றல்ல. வெப்பத்தில் வெந்துபோன ஒயினை எந்த விளைச்சல் ஆண்டின் பெருமையும் காப்பாற்றாது. இந்த மூன்றுக்கும் ஒயின் தெரிய வேண்டியதில்லை, பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அந்தப் பத்து நிமிடத்தையும் செலவிடாமல், இன்னொருவரின் அரை மணி நேரத்தைக் கேட்பதுதான் அவமரியாதை. எரிச்சல்படும் ஆர்வலர்களின் தரப்பில் உள்ள நியாயம் இது, இதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

விலை கேட்பது தனி வகை. விற்றுப் பணமாக்கும் நோக்கம் வந்ததும் கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. ஆர்வலர் ஒரு தொகையைச் சொன்னால் அதை வைத்து வாரிசுகளுக்குள் சண்டை வரும், காப்பீட்டில் எழுதுவார்கள், வாங்க வந்தவரிடம் காட்டுவார்கள். தொட்டுப் பார்க்காத புட்டிக்கு ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு முடிந்தபின் உருவான விற்பனை விதிகளின்படி, பல மாநிலங்களில் உரிமமில்லாத தனிநபர் ஒயினை விற்பதே சட்டவிரோதம் என்பது கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது. இங்கே சரியான முகவரி வேறு. கடைவிலைகளை ஒப்பிட ஒயின்-சர்ச்சர் தளம் இருக்கிறது. நிஜமாகவே அரிய புட்டிகள் என்றால் பெரிய ஏல நிறுவனங்கள் விற்க வருபவருக்குக் கட்டணமின்றி மதிப்பிட்டுச் சொல்கின்றன. அவர்களுக்கு அதில் சொந்த லாபம் உண்டு, அதனால்தான் அவர்களிடம் இலவசமாகக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. லாபத்துக்காகக் கேட்பவர் லாபத்துக்காகச் சொல்பவரிடம் போவது பொருத்தம். ஆர்வலர் செய்ய வேண்டியது அந்த வழியைக் காட்டுவது மட்டுமே. அதைக்கூட மறுத்துப் பேசாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒரு வரி எழுத யாருக்கும் நேரம் இருக்கும்.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் அது மிகவும் எளிமையானது: யாருக்கும் தெரியாத நல்ல தயாரிப்பாளர் ஒருவரைச் சொல்லுங்கள். சமையல் குறிப்பைப் பகிர்ந்தால் குறையாது. ஒயின் குறையும். ரோமனே-கோன்தி தோட்டம் 1.8 ஹெக்டேர், ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் புட்டிகள்தான். உலகமே விரும்பினாலும் கூடுதலாக ஒரு புட்டி வராது. அது ஏற்கெனவே எட்டாத உயரத்தில் இருப்பது என்று விட்டுவிடலாம். பிரான்சின் ஜூரா பகுதியில் பியூபியான் கிராமத்து பியர் ஓவர்னுவாவின் ஒயின் ஒருகாலத்தில் அந்த வட்டாரத்தாருக்கும் கொஞ்சம் ஆர்வலர்களுக்கும் மட்டுமே தெரிந்தது. பெயர் பரவியதும் மறுவிற்பனையில் விலை பன்மடங்கானது, முதலில் கண்டுபிடித்து வாங்கியவர்களுக்கே கிடைக்காமல் போனது. இத்தகைய பெயரைச் சொல்லும் ஆர்வலர் தன் அடுத்த ஆண்டுப் புட்டியைக் கொடுக்கிறார். பர்கண்டியில் ஒரு சிறு தயாரிப்பாளரிடம் அறிமுகம் கேட்பதும் இதே கதைதான். ஆர்வலர் வருடக்கணக்கில் போய், மழையில் நின்று, வாங்கி, நன்றி சொல்லிச் சேர்த்த உறவு அது. முன்பின் தெரியாதவர் அங்கே போய் நேரத்துக்கு வராமலோ, சுவைத்துவிட்டு ஒன்றும் வாங்காமலோ வந்தால் குறைவது அறிமுகம் செய்தவரின் மதிப்பு. இந்த வகைக் கேள்விகளைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்வேன். நட்பு வளர்ந்தால் ஆர்வலர் தானே சொல்வார். கேட்காமல் வருவதற்கு மட்டுமே இதில் இடமிருக்கிறது.

இப்போது, தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன்: கேட்பவர் திருப்பித் தரக்கூடியது என்ன? பதில், புட்டியைத் திறந்தபின் என்ன நடந்தது என்ற செய்தி. இதைச் சம்பிரதாயமான நன்றி என்று எண்ணிவிடக் கூடாது. ஒயின் பற்றிய அறிவின் பெரும்பகுதி இப்படித்தான் சேர்கிறது. 1990களின் நடுப்பகுதி வரை பர்கண்டியின் உயர்தர வெள்ளை ஒயின் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் தாங்கும் என்பது எல்லோரும் நம்பிய விஷயம். பிறகு 1995, 1996 விளைச்சல்களைத் திறந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். ஏழெட்டு ஆண்டே ஆன புட்டி பழுப்பேறி, ஆக்சிஜன் தாக்கிச் செத்துக் கிடந்தது. அதே பெட்டியில் பக்கத்தில் இருந்த புட்டி பச்சைப் பொன்னிறத்தில் புத்தம்புதிதாக இருந்தது. தக்கை காரணமா, கந்தக டைஆக்சைடைக் குறைத்தது காரணமா, திராட்சையை மென்மையாகப் பிழிந்தது காரணமா என்று இன்றும் வாதம் ஓயவில்லை.

தொழில்முறை விமர்சகரால் இதைப் பிடித்திருக்கவே முடியாது. அவர் சந்தைக்கு வருமுன் பீப்பாயிலிருந்தும் புதுப் புட்டியிலிருந்தும் சுவைத்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவார். எட்டு ஆண்டு கழித்து ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திறந்து, "பன்னிரண்டில் ஐந்து கெட்டுவிட்டது" என்று சொன்னால்தான் தெரியும். அப்படிச் சொன்னவர்கள் உலகமெங்கும் இருந்த முன்பின் தெரியாத மனிதர்கள். அவர்கள் சொன்னதை ஒன்றுதிரட்டி எந்தத் தயாரிப்பாளர், எந்த ஆண்டு என்று பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் மேலே சொன்ன அதே டான் கார்ன்வெல். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த எரிக் லவைன் தன் சொந்த ஒயின்களைக் கணக்கு வைக்க எழுதி, 2004இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட செல்லர்ட்ராக்கரும் இதே அடிப்படையில் வளர்ந்தது. இந்தப் புட்டியை இப்போது திறக்கலாமா, இன்னும் ஐந்து ஆண்டு வைக்கலாமா என்று இன்று யார் கேட்டாலும், சென்ற மாதம் திறந்த யாரோ ஒருவர் சொன்னதை வைத்துத்தான் ஆர்வலர் பதில் தருகிறார். அந்த யாரோ ஒருவரும் ஒருநாள் கேள்வியோடு வந்தவர்தான்.

இதை ஏற்றுக்கொண்டால், கேட்பவர் ஆர்வலரின் நேரத்தைத் தின்னும் ஆள் என்ற பார்வை தவறு என்று தெரியும். நிலவறையில் 1970களின் சாதாரண போர்தோ ஒன்றை வைத்திருப்பவரிடம், எந்த நிபுணரிடமும் இல்லாத ஒரு சோதனைப் பொருள் இருக்கிறது. அதைத் திறந்து, நிறம் எப்படி, மணம் எப்படி, பத்து நிமிடத்தில் என்ன ஆனது, குடிக்க முடிந்ததா என்று தெரிவித்தால் பதில் சொன்னவருக்கு முழுக் கைமாறு கிடைத்துவிட்டது. ஒயினுக்கான சொற்கள் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. "சோயா சாஸ் மாதிரி வாடை, ஊற்றிவிட்டோம்" என்பதே போதுமான தகவல். தெரிவிக்காமல் காணாமல் போவதுதான் என் கண்ணில் மிகப் பெரிய தவறு. விவரமில்லாமல் கேட்டவரையாவது திருப்பிக் கேட்டுத் திருத்தலாம், போனவரைத் திருத்த வழியில்லை.

தாமஸ் ஜெஃபர்சன் 1817 ஏப்ரலில், அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்றிருந்த ஜேம்ஸ் மன்றோவுக்கு எழுதிய கடிதம் இங்கே நினைவுக்கு வருகிறது. வாழ்த்தை ஓரிரு வரியில் முடித்துவிட்டு, அதிபர் மாளிகைக்கு என்னென்ன ஒயின்களை வரவழைக்கலாம் என்பதற்குத் தாவிவிடுகிறார் முன்னாள் அதிபர். 1787இல் போர்தோ வரை நேரில் போய்ச் சேர்த்த அறிவு அது. ஆர்வலருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இயல்பிலேயே இருக்கிறது. கேட்பாரில்லாமல் போவதுதான் அவர்களுக்கு உண்மையான துயரம். ஆர்வலர்களின் கோபத்தை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

எனவே என் தீர்ப்பு இதுதான். சொந்தமாகக் குடிப்பதற்காக, பரிசளிப்பதற்காக, வீட்டில் கிடைத்த புட்டியைப் புரிந்துகொள்வதற்காகக் கேட்பவருக்கு முழு உரிமை உண்டு. கேட்கும்போது படமும், மட்டமும், இருந்த இடமும், தன் விருப்பும் சொல்ல வேண்டும். திறந்தபின் வந்து சொல்ல வேண்டும். இவ்விரண்டும் செய்தவர் எவருக்கும் கடன்பட்டவரில்லை. விற்பதற்காகக் கேட்பவருக்கு வழிகாட்டும் ஒரு வரி மட்டுமே உரியது. அரிய தயாரிப்பாளரின் பெயரையும் அறிமுகத்தையும் கேட்க அந்நியருக்கு உரிமையில்லை. புதிதாக ஒயின் கம்பெனி தொடங்குபவர், செயலி வடிவமைப்பவர், பட்டியல் தயாரிக்கும் உணவகக்காரர் ஆகியோர் ஆர்வலர்களிடம் சந்தை நிலவரம் விசாரிப்பதும் உண்டு. அவர்கள் இந்த அறிவை விற்கப் போகிறவர்கள். ஆகவே அவர்கள் ஆரம்பத்திலேயே அதைச் சொல்லி, கூலி பேசிவிட்டுக் கேட்க வேண்டும். சொல்லாமல் சாதாரண ஆளைப்போல் வந்து விசாரிப்பதை நான் ஏமாற்று என்றே வகைப்படுத்துவேன்.

சொல்பவர் பக்கமும் ஒரு கடமையைச் சேர்க்காமல் இந்தத் தீர்ப்பு முழுமையாகாது. விற்க வந்தவருக்கு வழிகாட்டும் அந்த ஒரு வரியைத் தவிர, மற்றபடி பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் பேசாமல் கடந்து போகலாம், அதில் பிழையில்லை. கேட்டவர் வைத்திருப்பது மூத்தோன் கதே என்று தெரிந்ததும் கேலி செய்வது பிழை. அந்தப் புட்டியைச் செலவுக்கணக்குப் பார்த்து வாங்கி, ஏதோ ஒரு நல்ல நாளுக்கென்று எடுத்துவைத்து, அந்த நாள் வருமுன் இறந்துபோன ஒருவர் இருக்கிறார். அவர் மகளிடம் சொல்ல வேண்டியது உண்மை மட்டுமே: இதற்கு விலை கிடைக்காது, பெரும்பாலும் சுவையும் போயிருக்கும், ஆனாலும் வீட்டில் எல்லோரும் சேர்ந்திருக்கும் ஒரு மாலையில் திறந்து பாருங்கள், தக்கை உதிரலாம், வடிகட்டி ஊற்றுங்கள், எப்படி இருந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.